முடியாது என்று சொல்ல உத்தரவு

சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனிதரை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்ததை என் வாழ்நாளில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். இழுத்து வந்தவர் அவருடைய மனைவி.

ஜப்பான்காரன் காலம். மலாய் நாட்டில், கெடா மாநிலத்துப் பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரசராக இருந்தேன். டிரசர் என்றால் டாக்டர் இல்லை. புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, டாக்டர் எழுதிய மருந்தைக் கலக்கிக் கொடுப்பது, எனக்குப் படித்துக் கொடுத்தது அவ்வளவுதான். வாரம் ஒரு தடவை வந்து போன வெள்ளைக்கார டாக்டர், ஜப்பான் படை வடக்கே இறங்கிவிட்டது என்ற சேதி வந்த அன்று காரில் ஏறினார். "நீ பார்த்துக்கொள்" என்றார். எதை என்று நான் கேட்பதற்குள் கார் போய்விட்டது. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. மறுநாள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

மலேரியாவுக்கான கொயினா முதல் வருஷத்திலேயே தீர்ந்துபோனது. மிஞ்சியது புண்ணில் தடவும் ஊதா மருந்து மட்டும், இரண்டு பெரிய ஜாடி நிறைய. சொறிக்கு அதைத் தடவினேன். சிரங்குக்கும் அதுதான். தலைவலி என்று வந்தவர்களை வெறுமனே அனுப்ப மனமில்லாமல் நெற்றியிலும் அதையே தடவி அனுப்பினேன். தோட்டத்தில் பாதிப் பேர் ஊதாவாகத் திரிந்தார்கள். நிறம் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பார்த்தே யார் எந்த வாரம் வந்தவர் என்று என்னால் சொல்ல முடிந்தது.

மருந்து இல்லாவிட்டாலும் நோய்களுக்குப் பெயர் இருந்தது. டாக்டர் விட்டுப்போன தடித்த பதிவேட்டில் நோயாளிக்கு எதிரே நோயின் பெயரை எழுதுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. என்ன நோய் என்று தெரியாதபோது இன்னும் அழகான கையெழுத்தில் எழுதுவேன்.

அந்த மனிதர் ரப்பர் மரம் சீவும் ஒரு பால்வெட்டுக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். சயாமுக்குப் போவதற்கு முன் அவரைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சண்டைக்காரர் என்று சொல்ல மாட்டேன், எதற்கும் ஒத்துக்கொள்ளாதவர். "வெயில் கொளுத்துது" என்று யாராவது சொன்னால் "எங்க கொளுத்துது?" என்று கேட்பார். மரத்தை இந்தப் பக்கம் வெட்டு என்றால் ஏன் என்பார். தன் கல்யாணத்தில் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று முடிச்சு எதற்கு, இரண்டு போதாதா என்று பூசாரியிடம் கேட்டவர். முகூர்த்தம் தவறிவிடும் என்று பெண்ணின் அப்பா அழுதிருக்கிறார்.

ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டபோது, தோட்டத்துக் கிராணிதான் பட்டியல் எழுதினார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தின் கணக்குப் பிள்ளையாகவும் துரையாகவும் இருந்தவர் அவரே. பட்டியலில் முதல் பெயராக அவர் எழுதியது, தன்னிடம் ஓயாமல் கேள்வி கேட்ட இந்த மனிதரின் பெயரை. மூன்று மாத வேலை என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து அவர் நடந்தே திரும்பி வந்தார். இடுப்பில் ஒரு சாக்குத் துணி, காலில் ஒரு பெரிய புண், உடம்பில் எலும்பு தவிர வேறு ஒன்றும் இல்லை. முகாமிலிருந்து தப்பி வந்திருந்தார். எப்படி வந்தார் என்று கேட்டால் பதில் இல்லை. அதற்குள் ஜப்பான்காரர்கள் எங்கள் கெடாவைச் சயாமுக்கே கொடுத்துவிட்டிருந்தார்கள். வரவேற்க வந்த கூட்டத்தில் ஒருவர் நாக்கை அடக்காமல், "நீங்க சயாம்லேருந்து இங்க ஓடி வந்தீங்க. சயாம் உங்களுக்கு முன்னாலயே இங்க வந்திருச்சு லா" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். வேடிக்கை பேசியவர் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார்.

கால் புண்ணுக்கு ஊதா மருந்து போட்டேன். மூன்று மாதத்தில் ஆறிவிட்டது. அதன்பிறகுதான் மனைவி அவரை அழைத்துக்கொண்டு வந்தார். அவரை வாசலில் நிறுத்திவிட்டு அந்த அம்மா மட்டும் உள்ளே வந்தார்.

"ஐயா, ஆளை மாத்தி அனுப்பிட்டாங்க."

"யாரை?"

"இவரைத்தான். மச்சம், தழும்பு எல்லாம் சரியாத்தான் இருக்கு. உள்ள இருக்கறது வேற ஆளு."

"என்ன செய்யிறாரு?"

"சொன்னதைச் செய்யிறாரு."

மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். புகாரே அதுதான்.

"தண்ணி குடிக்கணும்னா எங்கிட்ட வந்து வெறைப்பா நின்னுக்கிட்டு 'குடிக்கலாமா'ங்குறாரு. உக்காரலாமா, எந்திரிக்கலாமா, முதுகு சொறிஞ்சுக்கலாமா. ஒரு நாளைக்கு எத்தனை தடவ ஐயா சரி சொல்றது? நேத்து மறந்துட்டுக் கெணத்தடிக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாக்குறேன், சொம்பைக் கையில ஏந்திக்கிட்டு அப்படியே நிக்கிறாரு."

முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார்: "பொய் சொல்லக் கூடாது. காலு ஆறின மொதல் வாரம் எனக்கு நல்லாத்தான் இருந்திச்சு. வெறகு பொளக்கச் சொன்னேன், பொளந்தாரு. கூரைக்கு அத்தாப்பு மாத்தச் சொன்னேன், மாத்துனாரு. லயத்து வீடுகள்ல இருந்து எல்லாரும் வந்து வேடிக்கை பாத்தாங்க. பக்கத்து வீட்டுக்காரி ரெண்டு நாளைக்கு எரவல் கேட்டா. அப்புறம் ஒரு நாளு கோவத்துல 'போய்த் தொலைங்க'ன்னு சொல்லிட்டேன். போய்ட்டாரு. சாயங்காலம் வரைக்கும் ரப்பர்க் காடு பூரா தேடுனோம். ஒரு மரத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு 'தொலைஞ்சிட்டேன், வரலாமா'ன்னு கேக்குறாரு."

நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலையணைக்குள் பஞ்சை எடுத்துவிட்டு மரவள்ளிக்கிழங்கை அடைத்து வைத்திருக்கிறார் என்றும், தினமும் காலையில் லயத்து ஆட்களை எண்ணிப் பார்க்கிறார் என்றும், ஒரு ஆள் குறைந்தால் அந்த ஆள் கக்கூசிலிருந்து வெளியே வரும்வரை கதவுக்கு முன்னால் நிற்கிறார் என்றும் சொன்னார்.

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டாக்டர் செய்வதுபோல மேலே பார்த்தேன். பிறகு பதிவேட்டில் "வயிற்றுப் புழு" என்று எழுதினேன்.

ஏன் புழு என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. புழுவுக்குப் பப்பாளி விதை கொடுக்கலாம், பப்பாளி விதை நிறைய இருந்தது, அதுதான் காரணமாக இருக்கவேண்டும். ஒரு கிண்ணம் அரைத்துக் கொடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் முதல் வாயிலேயே துப்பியிருப்பார்கள். அவர் முழுவதையும் விழுங்கிவிட்டு, "இன்னும் இருக்குங்களா ஐயா?" என்று கேட்டார். நானும் மடையன்போல இன்னொரு கிண்ணம் கொடுத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவர் என் முன்னால் வந்து குதிகால்களைச் சேர்த்து நின்றார். "பெஞ்ஜோ போகலாமா ஐயா?" ஜப்பான் பாஷையில் அது கக்கூஸ். போங்கள் என்பேன். வந்ததும் "பெஞ்ஜோலேருந்து வந்துட்டேன் ஐயா" என்பார். அடுத்த நிமிஷம் மறுபடியும். நான் சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு நடுவே, கட்டுப் போட்டால் கட்டுக்கு நடுவே. "கேக்காம போங்களேன்!" என்று கத்தினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கேட்காமல் போக அவரால் முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. வியர்வை வழிய நின்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "போங்கண்ணே" என்றேன். ஓடினார்.

புழு ஒன்றும் வரவில்லை. பதிவேட்டில் அதை அடித்துவிட்டு, காதுக் கோளாறு என்று எழுதினேன். இதற்காவது ஒரு காரணம் இருந்தது. எங்கேயாவது சத்தம் கேட்டால் அவர் குப்புறப் படுத்துவிடுகிறார் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். காதில் ஏதோ வீக்கம், அதனால் சத்தம் பெரிதாகக் கேட்கிறது என்று தீர்மானித்தேன். சோதித்துப் பார்க்கவேண்டும் அல்லவா? அடுத்த நாள் காலை, வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் மருந்துக்கு வரிசையில் நின்றார்கள். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, பின்னால் போய், தகரத் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன்.

அவர் பெஞ்சுக்கு அடியில் போனார். அதை எதிர்பார்த்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் தரையில் படுத்ததை எதிர்பார்க்கவில்லை. ஒரு கிழவர் அடுத்தவர் முதுகின் மேல் படுத்திருந்தார். ஒரு பெண் கைக்குழந்தையைத் தன் உடம்புக்கு அடியில் வைத்து மறைத்திருந்தாள். இதையெல்லாம் நான் சாய்வாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாவின் குரல் மேலிருந்து கேட்டது.

"ஐயா, நீங்க மேசைக்கு அடியில என்னா தேடுறீங்க?"

"பேனா விழுந்திருச்சு" என்றேன்.

"பேனா காதுல இருக்கு."

தட்டை அடித்தவன் நான். சத்தம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அப்படியும் எப்போது கீழே போனேன் என்று தெரியவில்லை. அதற்கு முந்தின வருஷம் கூலிம் சாலையில் குனிந்து வணக்கம் வைக்க மறந்ததற்காக ஒரு சிப்பாய் என்னை அறைந்து, வெயிலில் ஒரு பகல் முழுக்க நிறுத்தி வைத்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு மருந்து யாருக்கும் கொடுக்கவில்லை. எல்லோரும் தூசியைத் தட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

பதிவேட்டில் காதுக் கோளாறையும் அடித்தேன். அப்போதுதான் கிராணி வந்தார். பட்டியலில் முதல் பெயர் எழுதியதிலிருந்து அவருக்கும் சரியான தூக்கம் இல்லை என்று நினைக்கிறேன். அவர் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. ஆனால் அந்த மனிதர் திரும்பி வந்தது முதல் தினமும் ஏதாவது ஒரு சாக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்து, "எப்படி இருக்கான்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

"என்னய்யா டிரசர், புழுவாம், காதாம்! ரொம்ப லேசான விஷயம். உத்தரவு போட்டா கேக்குறான்ல? கொணமாகுன்னு உத்தரவு போட்டா என்ன?"

கேட்டதும் நான் அசந்துபோனேன். இவ்வளவு சுலபமான வைத்தியம் எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாகவும் இருந்தது.

ஆமணக்கு நன்றாகப் பயிரிட்டதற்காக ஜப்பான்காரர்கள் கிராணிக்கு ஒரு பழைய பட்டாளத் தொப்பியைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அவர் தலைக்கு அது இரண்டு அளவு பெரிது, காதில்தான் நின்றது. அதை மாட்டிக்கொண்டு என் மேசைமேல் ஏறி நின்றார். அந்த மனிதரை எதிரே நிறுத்தினோம்.

"இன்று முதல்! யார் என்ன சொன்னாலும்! முடியாது என்றுதான் சொல்ல வேண்டும்! இது உத்தரவு!"

"ஹாய்!" என்று ஜப்பான் பாஷையில் ஆமாம் போட்டு, இடுப்புவரை குனிந்து நிமிர்ந்தார். பிறகு கேட்டார்: "எத்தன மணியிலேருந்துங்க?"

கிராணி கையைத் திருப்பிப் பார்த்தார். கடிகாரத்தை ஒரு சிப்பாய் கழற்றிக்கொண்டு போய் வெகுநாளாயிற்று. "இப்பலேருந்து" என்றார்.

"அண்ணே, உக்காருங்க" என்றேன்.

"முடியாது!"

கிராணி மேசையிலிருந்து குதித்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பதிவேட்டில் "குணம்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா தலைமுடி கலைந்து வந்து நின்றார். கணவரும் பின்னாலேயே வந்திருந்தார்.

"என்னா வைத்தியம் ஐயா பண்ணி வெச்சிருக்கீங்க? கெழங்கு சாப்பிடுங்கன்னா முடியாதுங்குறாரு. ரெண்டு வேள பட்டினி. அப்புறம் சாப்பிடாதீங்கன்னு சொல்லிப் பாத்தேன். 'முடியாது'ன்னுட்டு உக்காந்து சாப்பிடுறாரு. இப்ப நான் எல்லாத்தையும் தலைகீழாப் பேச வேண்டியிருக்கு. காலையில எந்திரிக்காதீங்கன்னு சொல்லி எழுப்புறேன். குளிக்காதீங்கன்னு சொல்லிக் குளிக்க வெக்கிறேன். வாய் கொழம்பிப்போயி, நேத்து பக்கத்து வீட்டுக்காரி வந்தப்ப 'வராதே'ன்னு சொல்லிட்டேன். அவ பேசுறதில்ல இப்ப." மூச்சு வாங்கிக்கொண்டார். "என்னயப் பாக்காதீங்கன்னு சொன்னேன். நாள் பூரா பாத்துக்கிட்டே இருந்தாரு. அது ஒண்ணுதான் நல்லா இருந்திச்சு."

"முடியாதுன்னு சொல்றாரே, அது பழையபடி தானேம்மா?"

"எங்க ஐயா பழையபடி? அவரு பழைய முடியாதுக்கு ஒரு மூஞ்சி இருக்கும். உதட்ட ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, கண்ணுல ஒரு கிண்டலு. இது வெறைப்பா நின்னு, மேல பாத்துக்கிட்டு சொல்றது. இது அவரு முடியாது இல்ல. கிராணியோட முடியாது."

அப்போது பெரட்டுக்களத்தில் தண்டவாளத் துண்டை அடிக்கும் சத்தம் கேட்டது. காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் இடம் அது. பகலில் அடித்தால் ஒரே அர்த்தம்தான்: ஜப்பான் லாரி வந்திருக்கிறது.

தப்பி வந்த ஆள் இவர். அதுவே போதும் ஆபத்துக்கு. இப்போது அதிகாரி குனி என்றால் இவர் முடியாது என்பார். பெயர் என்ன என்றால் முடியாது என்பார். உத்தரவை ரத்து செய்யக்கூடிய ஒரே ஆள் கிராணி. அவரோ களத்தில், தொப்பி இல்லாமல், முன்வரிசையில் குனிந்து நிற்கிறார்.

ஆஸ்பத்திரியின் கோடியில் ஆள் இல்லாத ஒரு அறை இருந்தது, உள்ளே ஒரு கட்டிலும் ஒரு வாளித் தண்ணீரும் மட்டும். ஊதா மருந்தில் துணியை நனைத்து, அதன் கதவில் இங்கிலீஷ் எழுத்தில் பெரிதாகக் காலரா என்று எழுதினேன். ஜப்பான்காரர்கள் காலராவுக்கு மட்டும் பயப்படுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு மண்டையோடும் வரைந்தேன். உரித்த தேங்காய் மாதிரி வந்தது.

"அண்ணே, உள்ள போங்க, சீக்கிரம்!"

"முடியாது!"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த அம்மா என்னை ஒதுக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று, "இந்தாங்க, அந்த ரூமுக்குள்ள மட்டும் போகாதீங்க!" என்றார்.

"முடியாது!" என்றபடி விறுவிறுவென்று உள்ளே போனார்.

"அங்கயே இருக்காதீங்க, வெளிய வாங்க!"

"முடியாது!"

அந்த அம்மாவும் உள்ளே போய்க் கட்டிலில் விழுந்தார். கதவைச் சாத்தினேன்.

அதிகாரி, மொழிபெயர்க்க ஒருவருடன் வந்தார். நான் குனிந்த குனிவில் என் முகம் முழங்காலில் இடித்தது. கதவிலிருந்த எழுத்தை அவர் படித்தார். தேங்காயையும் பார்த்தார். உள்ளே எத்தனை பேர் என்று மொழிபெயர்ப்பவர் மூலம் கேட்டார். இரண்டு என்றேன். அந்தச் சமயம் பார்த்து அந்த அம்மா உள்ளே சாக ஆரம்பித்தார். "ஐயோ போறேனே! என்னப் பெத்த ஆத்தா, நான் போறேனே!" திருவிழாக் கூத்தில்கூட அப்படி ஒரு சாவை நான் கேட்டதில்லை. போகிறேன் போகிறேன் என்றாரே தவிர, போய்ச் சேரவில்லை. தொண்டை நிறையக் கத்துகிறவளுக்கு என்ன காலரா என்று கேட்டுவிடுவார்களோ என்று நான் நடுங்கினேன்.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அவர் பார்வை என் நெற்றியில் நின்றது. காலையில் தலைவலி என்று நானே தடவிக்கொண்ட ஊதா.

"அது என்ன என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பவர்.

பயத்தில் வாய் தானாகப் பேசியது. "காலரா வராம இருக்க மருந்து."

இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அதிகாரி தொப்பியைக் கழற்றி நெற்றியை நீட்டினார். நான் ஜாடியைக் கொண்டுவந்து அந்த நெற்றியில் பட்டையாகத் தடவினேன். மொழிபெயர்ப்பவர் கன்னத்திலும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். லாரி ஓட்டி வந்த சிப்பாயையும் கூப்பிட்டுத் தடவச் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் லாரி மூன்று ஊதா மனிதர்களுடன் தோட்டத்தை விட்டுப் போனது.

கதவைத் திறக்கப் போனேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டதால் நின்றேன்.

"வாயைத் தொற. ஒரு மொடக்கு. துப்பாத." அவருடைய குரல். விறைப்பான குரல் இல்லை. "தண்ணி கொதிக்க வெச்சதுதானா? கேட்டுத்தான் குடிக்கணும். காலைக் குடு, தேச்சு விடுறேன். சில்லிட்டிருச்சா?"

கதவு இடுக்கில் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மனைவியின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலரா என்று வெளியே நான் சொன்னதும், உள்ளே மனைவி கத்தியதும் அவருக்கு உண்மையாகிவிட்டது. தேய்த்துக்கொண்டே பேசினார். முகாமில் காலராக் கூடாரத்தைப் பார்த்துக்கொள்ள அவரைத்தான் விட்டிருந்தார்களாம். தினமும் காலையில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிச் சொல்லவேண்டும். கணக்குத் தப்பினால் நிற்க முடிகிறவர்களையெல்லாம் அடிப்பார்கள். நம் தோட்டத்து ஆள் ஒருவர், இவரோடு ஒரே லாரியில் போனவர், அங்கே கிடந்தார். ஒரு காலையில் அவரையும் தூக்கிக் குழியில் போடு என்றார்கள்.

"மூச்சு இருந்திச்சு புள்ள. லேசா இருந்திச்சு. எனக்குத் தெரியும். நான் ஹாய்னு சொன்னேன். வாழ்க்கையில எல்லாத்துக்கும் முடியாதுன்னு சொன்னவன் நான். அன்னைக்கு சொல்லல."

நான் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அங்கே நிற்பது தப்பு என்று தெரிந்தும் நின்றேன்.

"சொல்லியிருந்தா உங்களயும் சேத்துல்ல போட்டிருப்பான்" என்றார் அந்த அம்மா.

"அது தெரியும். இந்தா, இன்னொரு மொடக்கு."

"போதும். அரை வாளி தண்ணி குடிச்சிட்டேன். வயிறு வெடிக்கப் போவுது."

"காலரான்னா குடிச்சுத்தான் ஆவணும்."

"யோவ், எனக்குக் காலராவே இல்லய்யா!"

"காலரா வந்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. குடி."

"முடியாது!"

"நீ என்னா முடியாதுங்குறது? பாத்தவனா, நீயா? நான் பாத்தவன்! குடிடி!"

வாளி உருண்டது. இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். களத்திலிருந்து திரும்பிய ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் கூடிவிட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுச் சண்டையைக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி முகம் முழுக்கச் சிரிப்பாக, "அந்தாளுதான் லா, அந்தாளேதான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிராணி மூச்சிரைக்க ஓடி வந்தார். தொப்பியை வீட்டிலிருந்து எடுத்து வந்து மாட்டியிருந்தார். கதவைத் தள்ளித் திறந்து, "போட்ட உத்தரவு ரத்து!" என்று கத்தினார்.

அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுபட்டது.

"அந்தத் தொப்பியக் கழட்டுங்க கிராணியாரே. கொடுமையா இருக்கு."

கிராணி கழற்றினார். அதைக் கையில் பிசைந்துகொண்டு, "எம்மேல கோவமா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றார் அவர். கிராணி தலையை ஆட்டிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

அன்று மாலை பதிவேட்டை எடுத்து, குணத்தையும் அடித்தேன். புழு, காது, குணம் மூன்றும் அடிபட்டுக் கிடந்தன. எனக்கு ஒன்று மட்டும் மெதுவாகப் புரிந்திருந்தது. கேட்டுவிட்டுப் போவது, கிழங்கை ஒளிப்பது, ஆளை எண்ணுவது, சத்தம் கேட்டால் படுப்பது எல்லாமே அங்கே அவரை உயிரோடு வைத்திருந்த காரியங்கள். ஒன்றரை வருஷம் தினமும் பழகிய உடம்புக்கு, வீடு வந்துவிட்டது என்று யார் சொல்வது? நாங்கள் சொன்னோம். உடம்பு நம்பவில்லை. வயிற்றிலும் காதிலும் நான் தேடியது வீண். அவருக்கு என்ன நடந்தது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். இதை எழுத ஒரு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. இடத்தைக் காலியாக விட்டேன். பல வருஷம் கழித்து, பாக்கார் ஆராங்கில் என் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு டாக்டர், இதற்கெல்லாம் இப்போது ஒரு நீளமான பெயர் இருக்கிறது என்று சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அந்தச் சீட்டைத் தொலைத்துவிட்டேன்.

அந்த ஒரு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மறுநாளே, "தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டார். அந்த அம்மா, "உங்களுக்கு எப்படித் தோணுது?" என்று திருப்பிக் கேட்கப் பழகிக்கொண்டார். முதலில் அவர் வெகுநேரம் யோசிப்பார். பிறகு யோசிக்கும் நேரம் குறைந்தது. ஒரு வாரம் நன்றாக இருப்பார். அடுத்த வாரம் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்த வாரங்களில் கிராணி தினமும் வந்து வாசலில் உட்கார்ந்து, அவருக்குப் பிடிக்காத விஷயமாகத் தேடிப் பேசுவார். நாலைந்து நாள் பொறுத்துவிட்டு அவர் எழுந்து வந்து மறுத்துப் பேசுவார். அப்படியே சரியாவார். முகாமில் குழியில் போட்ட அந்தத் தோட்டத்து ஆளின் வீட்டுக்கு ஒருநாள் போய், அவருடைய தாயிடம் நடந்ததைச் சொன்னார். அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்த வீட்டு விறகை அவர்தான் பிளந்தார்.

ஜப்பான்காரர்கள் தோற்றுப்போய் வெள்ளைக்கார டாக்டர் திரும்பி வந்தபோது அவரைச் சோதித்தார். காலைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வேலைக்குத் தகுதி என்று ஒரு வரி எழுதினார். என் நாற்காலியையும் திருப்பி எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் நெல் அறுவடை முடிந்த சமயத்தில் அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்து, "ஜித்ராவுக்குப் போவணும் ஐயா, கூட வாங்க" என்றார். எதற்கு என்றேன். தப்பி வரும்போது அங்கே ஒரு மலாய்க் குடும்பம் தன்னைப் பன்னிரண்டு நாள் நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார்.

அவர் மனைவியும் சேர்ந்து மூவரும் சுங்கைப்பட்டாணியில் ரயில் ஏறி, அலோர்ஸ்டாரில் பஸ் மாறிப் போனோம். வயல்களுக்கு நடுவே மூன்று வீடுகளில் தப்பாகக் கேட்டு, நாலாவது வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா வெளியே வந்தார். இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புக்கான், புக்கான்" என்று கையை ஆட்டினார். இது அவன் இல்லையாம். அவன் குச்சி மாதிரி இருப்பானாம். இப்படித் தொப்பை இருக்காதாம். இவர் வேட்டியைத் தூக்கிக் கால் தழும்பைக் காட்டினார். மலாய்க்கார அம்மா கீழே உட்கார்ந்து, மாம்பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு எழுந்து, இவருடைய தோளில் ஓங்கி ஒரு அடி கொடுத்துவிட்டு அழுதார்.

சாப்பிடாமல் விடவில்லை. மீன் குழம்பில் புளி அதிகம் என்று இவர் சொன்னார். தமிழில்தான் சொன்னார், இருந்தாலும் மலாய்க்கார அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். புறப்படும்போது உயிரோடு ஒரு வாத்தைப் பிடித்துக் கால்களைக் கட்டிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வாத்தை யார் மடியில் வைத்துக்கொள்வது என்று கணவனுக்கும் மனைவிக்கும் தகராறு வந்துவிட்டது. அவர் முடியாது என்றார். மனைவியும் முடியாது என்றார். அலோர்ஸ்டார் வரும்வரை வாத்தை நான்தான் வைத்திருந்தேன். வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு போனது என் தப்பு.